ஒரு கிளிக்குக்கும் பட்டாவா? வாசகர் கேள்விகள்

பேரணாம்பட்டில் தோல் செருப்பு விற்கிறோம். எங்கள் இணையக் கடையில் ‘ஒரே கிளிக்கில் வாங்கு’ பட்டன் வைத்தால் அமேசான் வழக்குப் போடுமா?

போடாது, தைரியமாக வையுங்கள். ஒரே கிளிக்கில் வாங்கும் முறைக்கு 1999 செப்டம்பரில் அமெரிக்காவில் அமேசானுக்குக் கிடைத்த காப்புரிமை (பேட்டன்ட்) 2017-லேயே காலாவதியாகிவிட்டது. ஆனால் அது உயிரோடு இருந்தபோது நடந்ததை மறக்க முடியவில்லை. அடுத்த மாதமே பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடை மீது வழக்கு. கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடித்திருந்த டிசம்பரில் தடை உத்தரவு. அந்தக் கடை வேறு வழியில்லாமல் இன்னொரு கிளிக்கைக் கூட்டியது. 2001-ல் மேல் நீதிமன்றம் தடையை நீக்கியது. அதற்குள் இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. வாங்க வருகிறவருக்கு வேலையைக் கூட்டினால்தான் கடைக்காரர் தப்பிக்கலாம் என்றால், அது என்ன கண்டுபிடிப்பு? எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அமெரிக்கக் காப்புரிமை குடியாத்தத்தில் செல்லுமா?

செல்லாது. அந்தந்த நாட்டோடு சரி. உங்கள் ஆப்பை அமெரிக்காவில் விற்கப் போனால்தான் கவலை.

டபுள் கிளிக்குக்கே மைக்ரோசாஃப்ட் காப்புரிமை வாங்கிவிட்டதாமே?

2004-ல் ஒன்று வாங்கியது. ஆனால் அது கையடக்கக் கருவியில் உள்ள பட்டனைப் பற்றியது: லேசாக அழுத்தினால் ஒன்று, பிடித்து அழுத்தினால் இன்னொன்று, இருமுறை அழுத்தினால் வேறொன்று. நிலம் வாங்கும்போது பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது நான்கு பக்க எல்லை, பார்ப்பீர்கள் அல்லவா? காப்புரிமையில் கடைசியாக வரும் உரிமைக்கோரல்கள்தான் அந்த செக்குபந்தி. தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பயப்படாதீர்கள்.

காட்பாடியில் படிக்கிறேன். நான் எழுதிய ஒரு ஸ்வைப் முறையை நாளை யாராவது தனதென்று சொன்னால்?

நம் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(கே) வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை தருவதில்லை. 2004 டிசம்பரில் அவசரச் சட்டம் மூலம் அதைத் தளர்த்தப் பார்த்தார்கள். 2005-ல் நாடாளுமன்றம் ஏற்கவில்லை. ஆனாலும் ‘தொழில்நுட்பப் பலன்’ உண்டு என்று காட்டி உள்ளே வரும் விண்ணப்பங்கள் இருக்கின்றன. அப்படி வருவதை, காப்புரிமை வழங்கும் முன் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். தமிழ்நாட்டு விண்ணப்பங்களுக்கான அலுவலகம் கிண்டியில்தான். கையில் வேண்டியது, அந்த முறை முன்பே பொதுவில் இருந்தது என்று காட்டும், தேதி போட்ட ஆதாரம். திரையில் விரலை இழுத்துப் போனைத் திறக்கும் ஆப்பிளின் ‘தள்ளித் திற’ காப்புரிமை 2012-ல் இங்கிலாந்திலும் 2015-ல் ஜெர்மனியிலும் செல்லாமல் போனதற்கு, அதற்கு முன்பே வந்திருந்த நியோநோட் என்ற ஸ்வீடன் போன் பெரிய காரணம். சரி, உங்களுக்குக் காப்புரிமை வேண்டாம், அடுத்தவர் பறிக்காமல் இருந்தால் போதும் என்றால், நிரலையும் அது இயங்கும் வீடியோவையும் இந்த வாரமே பொதுவில் போடுங்கள்.