பட்டினியிலும் நோயிலும் தைராய்டு: வாசகர் கேள்விகள்

கேள்வி: மூன்று நாள் தண்ணீர் மட்டும் அருந்தி விரதம் இருந்தேன். பிறகு பார்த்தால் டி3 (தைராய்டு ஹார்மோனின் செயல்படும் வடிவம்) குறைந்திருக்கிறது. சுரப்பி பழுதாகிவிட்டதா?

பதில்: சுரப்பியில் குறையில்லை. உடலில் அன்றாடம் உண்டாகும் டி3-இல் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, சுரப்பிக்கு வெளியே, சுரப்பி பெருமளவில் சுரக்கும் டி4 (தைராக்சின்) ஹார்மோனிலிருந்து ஓர் அயோடின் அணு கழற்றப்படுவதால் கிடைப்பது. அதற்கு டி4 முதலில் செல்லுக்குள் புக வேண்டும். கல்லீரலில் இந்த நுழைவு கடத்திப் புரதங்களின் வழியாக, ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) செலவில் நடக்கிறது. பட்டினியில் கல்லீரல் செல்களின் ஏடிபி இருப்பு சரிவதால் டி4 உள்ளே செல்வதும் டி3 உருவாவதும் ஒருங்கே குறைகின்றன. ஓரிரு நாளிலேயே இரத்த டி3 பாதியளவுக்கு இறங்கக்கூடும். சாப்பிடத் தொடங்கினால், அதிலும் மாவுச்சத்து சேர்ந்தால், மீண்டும் ஏறிவிடும். விரதம் முடிந்த கையோடு தைராய்டு பரிசோதனைக்கு ஓடாதீர்கள்.

கேள்வி: டி3 குறைந்தால் டிஎஸ்எச் ஏற வேண்டும் என்றுதானே படித்தோம்? (மருத்துவ மாணவர்)

பதில்: தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச்சைச் சுரப்பது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. அதுவும் கல்லீரலும் ஒரே மாதிரி நடந்துகொண்டால்தான் அப்படி. கல்லீரலின் வாயில் குறுகும்போதும் பிட்யூட்டரி செல்கள் டி4-ஐ வழக்கம்போல் உள்வாங்கி, தம்மிடமுள்ள இரண்டாம் வகை டிஅயோடினேஸ் (அயோடின் அணுவைக் கழற்றும்) நொதியால் அதை டி3 ஆக்கிக்கொள்கின்றன. ஆகவே இரத்தத்தில் உள்ள பற்றாக்குறையை அவை முழுமையாக உணர்வதில்லை. இதற்கு மேல், பட்டினியில், கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் ஹார்மோன் வீழ்வதால், ஹைப்போதலாமஸ் என்ற மூளைப்பகுதி சுரந்து பிட்யூட்டரியைத் தூண்டும் டிஆர்எச்சும் குறைகிறது. பட்டினி கிடந்த எலிகளுக்கு லெப்டின் கொடுத்தபோது தைராய்டு ஹார்மோன்களின் வீழ்ச்சி பெரிதும் தடுக்கப்பட்டதை 1996-இல் வெளியான ஆய்வு காட்டியது.

கேள்வி: டாக்டர், எனக்கு டி3 0.6. என்ன செய்யலாம்?

பதில்: வயது இல்லை, அலகு இல்லை, காய்ச்சலா விரதமா என்ற விவரம் இல்லை. 0.6 என்பது மில்லிலிட்டருக்கு நானோகிராமா, லிட்டருக்கு நானோமோலா? எண்ணை மட்டும் அனுப்பினால் சோதிடம்தான் சொல்ல முடியும்.

கேள்வி: அப்பா நிமோனியாவுடன் ஐசியூவில் இருந்தபோது டி3, டி4 இரண்டும் குறைவு, டிஎஸ்எச் 0.3. வீட்டுக்கு வந்து பத்து நாளில் டிஎஸ்எச் 11. வாழ்நாள் முழுதும் தைராக்சின் 100 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தொடரலாமா?

பதில்: இதே கடிதம் வெவ்வேறு ஊர்களிலிருந்து எனக்கு வந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொரு முறையும் எரிச்சல் கூடுகிறது. கடும் நோயில், ஏடிபி குறைவதோடு, இரத்தத்தில் மிகும் கொழுப்பு அமிலங்களும் பித்த நிறமியான பிலிருபினும் கல்லீரலின் டி4 உள்வாங்கலைத் தடுக்கின்றன. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இண்டாக்சில் சல்பேட் போன்ற கழிவுகளும் சேர்ந்துகொள்ளும். கல்லீரலிலும் எலும்புத் தசையிலும் மூன்றாம் வகை டிஅயோடினேஸ் தலைதூக்கி ஹார்மோனைச் செயலற்றதாக்குகிறது. இரத்த அழுத்தத்தைத் தாங்க ஐசியூவில் ஏற்றும் டோபமினும் ஸ்டீராய்டும் டிஎஸ்எச்சை அமுக்கும்; இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், பரிசோதனைக் குழாயில் கட்டற்ற (புரதத்துடன் ஒட்டாத) டி4-ஐப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். இத்தனை குழப்பத்துக்கு நடுவே 'எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்' என்று தைராய்டையும் பட்டியலில் சேர்ப்பது யாருக்குப் பயன்? நோயிலிருந்து மீளும் கட்டத்தில் டிஎஸ்எச் தற்காலிகமாக 20 வரைகூட ஏறித் தானே இறங்கும். உங்கள் அப்பாவின் 11, அறிக்கையில் எவ்வளவு தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தாலும், பெரும்பாலும் மீட்சியின் அடையாளமே. மாத்திரையால் நன்மையா என்றால், டி4 குறைந்த கடும் நோயாளிகளுக்குத் தைராக்சின் கொடுத்துப் பார்த்த 1986-ஆம் ஆண்டு ஆய்வில் பலன் தெரியவில்லை. திடீர் சிறுநீரகச் செயலிழப்பில் கொடுத்த 2000-ஆம் ஆண்டு ஆய்விலோ மருந்து பெற்றவர்களிடையே மரணம் அதிகமாக இருந்தது. முன்பே தைராய்டு அறுவை சிகிச்சையோ கதிரியக்க அயோடினோ பெற்றவர், கழுத்தில் வீக்கம் உள்ளவர், டிஎஸ்எச் 20-ஐத் தாண்டிக் கட்டற்ற டி4-உம் குறைந்திருப்பவர் ஆகியோரின் கதை வேறு. அப்பா அவர்களில் ஒருவர் இல்லையென்றால், மருத்துவரிடம் நேரில் பேசி மாத்திரை தேவையா என்று கேளுங்கள்; நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பரிசோதனையை, நோய் தணிந்து ஆறு வாரம் கழித்துச் செய்யுங்கள்.

கேள்வி: ரிவர்ஸ் டி3 பார்ப்பது அவசியமா?

பதில்: பணத்தை மிச்சப்படுத்துங்கள். டி4-இலிருந்து உண்டாகும் செயலற்ற வடிவம் அது; நோயிலும் பட்டினியிலும் பொதுவாக ஏறும். கல்லீரல் அதை உள்வாங்கிச் சிதைப்பது குறைவதும் ஒரு காரணம். அந்த எண்ணால் சிகிச்சை மாறப்போவதில்லை. மீண்டும் சொல்கிறேன், ஆறு வாரம் கழியட்டும்.

கேள்வி: ஒரே குழந்தைக்கு ஓர் உறுப்பில் தைராய்டு மிகையும் இன்னொன்றில் குறையும் இருக்க முடியுமா?

பதில்: முடியும். எம்சிடி8 என்னும் கடத்திப் புரதம் பழுதான ஆண் குழந்தைகளில் மூளைக்குப் போதிய ஹார்மோன் நுழைவதில்லை; இரத்தத்தில் டி3 மிகுந்திருப்பதால், வேறு கடத்திகளைக் கொண்ட கல்லீரல் மிகையில் தவிக்கிறது. ஆலன்-ஹெர்ண்டன்-டட்லி நோய் என்று 1944-இலேயே விவரிக்கப்பட்டது. மரபணுக் காரணம் 2004-இல்தான் தெரிந்தது.

கேள்வி: ரம்ஜான் நோன்பில் தைராக்சினை எப்போது போடுவது?

பதில்: இரவு கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, அல்லது சஹருக்கு (விடியலுக்கு முந்திய உணவு) அரை மணி முன்பு, வெறும் தண்ணீரில். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி இடைவெளி விடுங்கள்.