சி டிரைவ் மட்டும் போதுமா?

கிளிநொச்சியில் தொடர்பகம் நடத்தும் தம்பி கேட்கிறார்: "டிஸ்க் மனேஜ்மென்டில் மூன்று துண்டு காட்டுது அண்ணா. சி-ஐ மட்டும் இமேஜ் எடுத்தால் போதாதா?"

போதாது தம்பி. இமேஜ் என்பது டிஸ்கின் துண்டுகளை விண்டோஸோடு சேர்த்து அப்படியே பிரதி எடுத்த பைல்; பழுதானால் அதைத் திரும்ப இறக்கலாம். முதல் துண்டு 100 எம்பி அளவில், டிரைவ் எழுத்தே இல்லாமல் இருக்கும், பாருங்கள். அதுதான் ஈஎப்ஐ. ஓன் பண்ணியதும் கம்பியூட்டர் தேடுவது அதைத்தான். விண்டோஸை எழுப்பும் பைல்கள் அங்கேதான் இருக்கின்றன, சி-இல் இல்லை. சி-ஐ மட்டும் புது எஸ்எஸ்டியில் இறக்கிய ஒரு லப்டொப் என் மேசைக்கு வந்தது. கறுப்புத் திரை, பூட் ஆக டிஸ்க் இல்லை என்று ஒற்றை வரி. உள்ளே பில்கள், கணக்குகள் எல்லாம் பத்திரமாக இருந்தன, மெசின்தான் எழும்பவில்லை. ஈஎப்ஐ துண்டைப் புதிதாக உண்டாக்கி, பூட் பைல்களைத் திரும்ப எழுதும் பிசிடிபூட் கட்டளை கொடுத்து எழுப்பி முடிக்க ஒரு பின்னேரம் போய்விட்டது.

16 எம்பி அளவில் எம்எஸ்ஆர் என்று, விண்டோஸ் தனக்கென ஒதுக்கி வைக்கும் இன்னொன்றும் உண்டு. டிஸ்க் மனேஜ்மென்ட் அதைக் காட்டாது, இமேஜ் மென்பொருள் காட்டும். ஈஎப்ஐ, எம்எஸ்ஆர், சி, ரிக்கவரி (விண்டோஸைப் பழுதுபார்க்க உதவும் துண்டு) நான்குக்கும் டிக் போடுங்கள். இடம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான மென்பொருள்கள் பைல் இருக்கும் இடத்தை மட்டும் படித்து, அதையும் சுருக்கித்தான் வைக்கும்.

முல்லைத்தீவிலிருந்து ஒரு ரீச்சர்: "டி டிரைவில் 300 ஜிபி படங்கள் இருக்கு. அதையும் சேர்க்கவா?"

வேண்டாம் ரீச்சர். விண்டோஸ் பழுதாகி மூன்று மாதப் பழைய இமேஜை இறக்கும்போது தவறி டி-க்கும் டிக் விழுந்தால், இந்த மூன்று மாதப் படங்களும் அழிந்துவிடும். படங்களைச் சாதாரண பைல்களாகவே இரண்டு வெளி டிஸ்கில் கொப்பி பண்ணி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். 2009 இடப்பெயர்வில் அல்பங்களை விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். அம்மாவின் கல்யாணப் படத்தை வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கி ஸ்கேன் பண்ணி வைத்திருக்கும் வீடுகள் இங்கே உண்டு. அந்தப் படம் ஒரே டிஸ்கில் இருக்கக் கூடாது.

வவுனியா மாணவி: "வெளி டிஸ்க் இல்லை. இமேஜை டி-இல் வைக்கலாமா?"

சி, டி இரண்டும் பெரும்பாலும் ஒரே டிஸ்கின் துண்டுகள் தங்கச்சி. டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். வெளி டிஸ்க் வாங்கியதும் அதன் போர்மட் (பைல்களை அடுக்கும் முறை) என்டிஎப்எஸ் தானா என்று பாருங்கள். பாட்32 என்ற பழைய போர்மட் என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரு பைலை வைக்க முடியாது.

மாங்குளத்திலிருந்து: "சி-இல் பிட்லொக்கர் போட்டிருக்கு. எப்படி எடுப்பது?"

பிட்லொக்கர் என்பது டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் ஓடும்போதே எடுங்கள். அப்படி எடுத்தால் இமேஜ் பூட்டில்லாமல்தான் இருக்கும்; அதனால் மென்பொருளிலேயே பாஸ்வேர்ட் போடுங்கள். பிட்லொக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி, இலக்கம் இலக்கமாக இன்னொருவரை வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். ஒன்று பிசகினாலும் திறக்காது.