எலியின் மறதியும் உங்கள் தூக்க மாத்திரையும்

எலிகளைப் பற்றிய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, 68 வயதில் உங்களுக்கு அல்சைமர் என்னும் மறதிநோய் தொடங்கிவிட்டதென்று நீங்களே முடிவு கட்டி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். ஸ்கோபோலமின் என்னும் மருந்து செலுத்தப்பட்ட எலி, நீர்த்தொட்டியில் மறைந்துள்ள மேடையைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ள முடியாமல் திணறுவது உண்மைதான். மூளையில் நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் பொருந்த வேண்டிய ஏற்பிகளை அம்மருந்து அடைத்துக்கொள்வதால் புதிய செய்தி பதிவதில்லை. முன்பே நன்கு பழகியது பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆனால் மருந்தின் வேகம் தணிந்ததும் அதே எலி மீண்டும் கற்கிறது. அல்சைமரிலோ அசிட்டைல்கோலினைச் சுரக்கும் நரம்பணுக்களே அழிகின்றன. இரண்டும் ஒன்றல்ல.

பெயர் உடனே நினைவுக்கு வராதது, கண்ணாடியை வைத்த இடம் மறப்பது ஆகியவற்றுக்காக அஞ்ச வேண்டியதில்லை. நான் கவலைப்படுவது, கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியுள்ள வரிகளைப் பற்றித்தான்: தூக்கத்துக்கு இரவுதோறும் டைஃபென்ஹைட்ரமின், சளிக்குக் குளோர்ஃபெனிரமின், இரண்டும் எவரையும் கேளாமல் நீங்களே வாங்கியவை. இவையும் அதே ஏற்பிகளைத்தான் அடைக்கின்றன. முதிய உடல் இவற்றை மெதுவாகவே வெளியேற்றுவதால், இரவில் உண்டது மறுநாள் பகலிலும் வேலை செய்கிறது. வாய் உலர்வதும் மலச்சிக்கலும் அதன் அடையாளங்களே. இத்தகைய மருந்துகளை ஆண்டுக்கணக்கில் உண்டவர்களிடம் மறதிநோய் கூடுதலாகக் காணப்பட்டதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன; மருந்துதான் காரணம் என்று அவை நிறுவவில்லையாயினும், தேவையின்றித் தொடர்வதற்கு நியாயமும் இல்லை. இவ்விரண்டையும் நிறுத்துங்கள். மருத்துவர் எழுதித் தந்த வேறு மாத்திரைகளை மட்டும் அவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள்; எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் சென்று அவரிடம் காட்டுங்கள்.

வீட்டிலுள்ளோர் கவனிக்க வேண்டிய அறிகுறி ஒன்று உண்டு. மாதக்கணக்கில் மெல்ல வரும் மறதியைவிட, ஓரிரு நாளில், சில நேரம் ஓரிரு மணியில், திடீரென வரும் குழப்பமே ஆபத்தானது. காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் இடம் தெரியாமல் விழிப்பது, இல்லாத ஆட்களைக் கண்டு பேசுவது, பேச்சின் நடுவே கவனம் நழுவுவது ஆகியவற்றைக் கண்டால், வயதாகிவிட்டது என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சிறுநீர் வெளியேறாமல் அடிவயிறு உப்பியிருந்தாலும் அவ்வாறே. மருந்து, நோய்த்தொற்று, உடலில் சோடியம் குறைவு போன்றவை இதற்குப் பின்னால் இருக்கக்கூடும். உடனே கண்டறிந்தால் இவற்றுள் பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய முடியும்.

நண்பர் கொடுத்த, அல்சைமருக்கான டோனெபெசில் மாத்திரையைத் தொடங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. ஒரு மாத்திரையால் அசிட்டைல்கோலினின் வழியை அடைத்துவிட்டு, இன்னொன்றால் அதன் அளவை உயர்த்த முயல்வது மருத்துவமாகாது. டோனெபெசில் இதயத் துடிப்பையும் குறைக்க வல்லது.