டோக்கன் என் வொலட்டில் இருக்கிறது; படம் யாருடையது?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். போன வருடம் ஆவணி மாதம் முதல் டெசோஸ் என்ற பிளொக்செயின் சங்கிலியில் (எது யார் கையில் இருக்கிறது என்று பதியும் பொது இணையப் பேரேடு) வரும் மலிவான டிஜிட்டல் ஓவியங்களைச் சேர்க்கிறேன். என்னிடம் கிரிப்டோ இல்லாததால் தெரிந்த அண்ணா ஒருவரின் வங்கிக் கணக்குக்கு ரூபாயை அனுப்புவேன். அவர் வாங்கி என் வொலட்டுக்கு (டிஜிட்டல் பணப்பை) மாற்றிவிடுவார். இதுவரை 14 படங்கள், 38,500 ரூபாய். அதில் 6,000 ரூபாய்க்கு வாங்கிய ‘கோணேசர் மலை விடியல்’ படத்தை 20 ரீசேட்டில் அடித்து நிலாவெளியில் ஒரு கடைக்குக் கொடுத்தேன், 7 விற்றுவிட்டது. இப்போது மட்டக்களப்பு ஓவியர் ஒருவர், அது தன்னுடைய படம், யாரோ திருடிப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். டோக்கன், அதாவது அந்தப் படத்துக்கான சங்கிலிப் பதிவு, என்னிடம் இருக்கும்போது அவர் கேட்க முடியுமா? அண்ணாவிடம் காசைத் திருப்பிக் கேட்கலாமா? பொலிஸுக்குப் போனால் கிரிப்டோவுக்காக என்னையே பிடிப்பார்களா? வேறு இரண்டு படங்கள் வெறும் சாம்பல் கட்டமாகத் தெரிகின்றன. அதற்கு வழி உண்டா?

பதில்: கடையில் மிச்சமிருக்கும் 13 ரீசேட்டையும் இன்றைக்கே திருப்பி எடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஓவியர் தாராளமாகக் கேட்கலாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படம் உருவான கணத்திலேயே பதிப்புரிமை வரைந்தவருக்கு வந்துவிடும்; எங்கும் பதிய வேண்டியதில்லை. பிரதியெடுப்பதும் விற்பனைக்கு விடுவதும் அந்த உரிமைக்குள் அடங்கும். அதை இன்னொருவருக்குக் கைமாற்றுவதென்றால் உரிமையாளர் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். சங்கிலியில் பதிவாகியிருப்பது இந்த டோக்கன் இந்த முகவரியில் இருக்கிறது என்பது மட்டுமே. படத்தைப் போட்டவருக்கே உரிமை இல்லையென்றால் உங்களுக்கு வந்து சேர எதுவுமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அசல் ஓவியரிடமே டோக்கனை வாங்கியிருந்தாலும் ரீசேட் அடிக்கும் உரிமை தானாக வந்திராது. டெசோஸ் சந்தைகளில் ஒவ்வொரு படத்தின் விபரத்திலும் ‘ரைட்ஸ்’ என்ற பகுதிக்கு இடமுண்டு. அதில் சிசி0 என்றிருந்தால் வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். சிசி பிவை-என்சி என்றிருந்தால் ஓவியரின் பெயரைப் போட்டு, காசு பார்க்காமல் மட்டும் பயன்படுத்தலாம். வெறுமையாக இருந்தால் அனுமதி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சேர்ப்பவர்கள் அதிகம் சறுக்குவது இந்த வெறுமையான பகுதியில்தான். திருட்டுப் படமென்றால் அங்கே என்ன எழுதியிருந்தும் பயனில்லை.

ஓவியர் எழுதியதற்கு முன் அடித்த 20க்கு, தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் சொல்லலாம். கடிதம் கைக்கு வந்த பிறகு விற்கும் ஒவ்வொன்றும் தெரிந்தே செய்த மீறலாகும். தெரிந்தே மீறினால் நீதவான் நீதிமன்றம் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே அவருக்கு நேரடியாக எழுதுங்கள்: எத்தனை அடித்தேன், எத்தனை விற்றது, கையில் வந்த காசு எவ்வளவு, மிச்சத்தை நிறுத்திவிட்டேன், விற்றதற்கு இவ்வளவு தரத் தயார். மேலே ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ (சமரசத்துக்காக எழுதுகிறேன், குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது என்பது பொருள்) என்று போடுங்கள். அவர் உண்மையிலேயே வரைந்தவர்தானா என்று கேட்பதும் நியாயம்தான். படலங்கள் (லேயர்) பிரிந்திருக்கும் மூலக் கோப்பையும், முதன்முதல் வெளியிட்ட திகதியையும் காட்டச் சொல்லுங்கள். அந்தத் திகதி டோக்கன் உருவான நாளுக்கு முந்தியதாக இருக்க வேண்டும்.

அந்த டோக்கனை இன்னொருவர் தலையில் கட்டிவிட எண்ணாதீர்கள். விஷயம் தெரிந்தபின் மறைத்து விற்றால் அது வஞ்சனை. கோபத்தில் ‘பேர்ன்’ செய்துவிடவும் (டோக்கனை நிரந்தரமாக அழிப்பது) வேண்டாம். அது உங்கள் சாட்சியம்.

அண்ணாவின் விஷயம் நீங்கள் நினைப்பதைவிட நுணுக்கமானது. சங்கிலியின் பதிவுகளைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் அந்த டோக்கனைத் திறந்தால் குறைந்தது மூன்று வரிகள் இருக்கும். முதல் வரி, டோக்கனை உருவாக்கிய முகவரி. பெரும்பாலும் டிஇசட்1 என்று தொடங்கும். இரண்டாவது, கேடி1 என்று தொடங்கும் சந்தை ஒப்பந்தம் வழியாக அண்ணாவின் முகவரிக்கு வந்தது. எத்தனை டெஸ் (டெசோஸின் நாணயம்) கொடுத்தார் என்பதும் அதிலேயே தெரியும். மூன்றாவது, அவரிடமிருந்து உங்களுக்கு. நீங்கள் காட்டிய படத்தை வாங்கித் தந்தார் என்றால் அவர் உங்கள் முகவர். காசுக்குக் கணக்குக் காட்டும் கடமை மட்டுமே அவருக்கு உண்டு, படம் போலி என்பதற்குப் பொறுப்பாளியாக்குவது கடினம். அவரே ஏற்கெனவே வாங்கி வைத்திருந்ததை ‘ஒரிஜினல்’ என்று சொல்லி விற்றிருந்தால் அவர் விற்பனையாளர், 6,000 ரூபாயைத் திருப்பிக் கேட்க வலுவான காரணம் உண்டு. உருவாக்கிய முகவரியும் அவருடைய முகவரியும் ஒன்றாகவே இருந்தால், அது தண்டனைச் சட்டக்கோவையின் 400, 403ஆம் பிரிவுகளுக்குள் வரும் வஞ்சனை. அப்போது நேரே பொலிஸுக்குப் போகலாம்.

மூன்று வரிகளின் ஒப்பரேஷன் ஹாஷையும் (ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உரிய அடையாளக் குறி) எழுத்து விடாமல் பிரதி செய்து வையுங்கள். ஒவ்வொன்றும் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் 51 எழுத்துகள். வட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷொட்டோடு விடாமல் முழுதாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். போனையும் மாற்றாதீர்கள். வங்கிக் கூற்றில் அந்தந்த நாளில் அனுப்பிய தொகையைக் குறித்துவையுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இவற்றைச் சான்றாக முன்வைக்க இடமளிக்கிறது.

கிரிப்டோ பயம் பாதிதான் சரி. அதை வைத்திருப்பதையே குற்றமாக்கும் தனிச் சட்டம் இங்கே இல்லை. ஆனால் மத்திய வங்கி எந்த நிறுவனத்துக்கும் இத்தொழிலுக்கு அனுமதி கொடுக்கவில்லை என்று 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் வந்த 3ஆம் இலக்கப் பணிப்புரை, டெபிட், கிரெடிட் கார்டுகளால் இதற்குப் பணம் கட்டுவதைத் தடுக்கிறது. நீங்கள் செய்தது உள்ளூர்க் கணக்குக்கு ரூபாய் அனுப்பியது. இந்தத் தடை தொடுவது கார்டை. அண்ணா கார்டில் கட்டினாரா என்பது அவர் பதில் சொல்ல வேண்டிய விஷயம். எதை எதற்காக அனுப்பினீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

சாம்பல் கட்டங்களுக்குச் சட்டத்தில் பெரிதாக ஒன்றுமில்லை, தொழில்நுட்பத்தில் உண்டு. படம் பொதுவாகச் சங்கிலியில் இருப்பதில்லை. பெரும்பாலும் ஐபிஎஃப்எஸ் வலையில் (பலருடைய கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்து தாங்கும் வலை) இருக்கும். டோக்கன் விபரத்தில் கியூஎம் என்றோ பிஏஎஃப்வை என்றோ தொடங்கும் முகவரியை எடுத்து வேறொரு கேட்வேயில் (அந்த வலையின் கோப்பை உலாவியில் காட்டும் தளம்) திறந்து பாருங்கள். திறந்தால் கோளாறு சந்தைத் தளத்தின் காட்சியில். திறக்காவிட்டால் அந்தக் கோப்பை இப்போது யாரும் தாங்கி வைத்திருக்கவில்லை. ஓவியரிடம் கேட்டு மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். ஹிக் எட் நங்க் என்ற டெசோஸ் ஓவியச் சந்தைத் தளம் 2021 நவம்பரில் மூடப்பட்டபோது டோக்கன்கள் அழியவில்லை. சேர்ப்பவர்களும் ஓவியர்களும் டெயா என்ற தளத்தை அமைத்துத் தொடர்ந்தார்கள். சட்டப்படி கிடைத்த பிரதியிலிருந்து சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுத்துவைக்கச் சட்டம் இடம் தருகிறது. மற்றப் படங்களை இப்போதே இறக்கி வையுங்கள்.

அண்ணாவிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க முதல் படி, 14 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம். பதில் வராவிட்டால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்குப் போங்கள். இந்தத் தொகைக்கு நீதிமன்றம் போக முன் அங்கே போயாக வேண்டும், கட்டணமும் இல்லை. இணக்கம் வராவிட்டால் சபை அதற்குச் சான்றிதழ் தரும். அதோடுதான் வழக்குப் போடலாம். எழுத்தில்லா உடன்படிக்கைக்குக் காலவரை 3 ஆண்டு, எழுத்திலிருந்தால் 6. வட்ஸ்அப் எந்தப் பக்கம் விழும் என்று வாதாடிக்கொண்டிருக்காமல், 3 ஆண்டு என்று கணக்கு வையுங்கள்.

ரீசேட் தொழிலைத் தொடர விரும்பினால் ஓவியரிடம் இப்படியொரு எழுத்தைக் கையொப்பத்துடன் வாங்குங்கள்: “டோக்கன் எண் இன்னதில் உள்ள என் படத்தை இன்னார், இத்தனை ரீசேட்டில், இன்ன திகதி வரை, என் பெயரை அச்சிட்டு விற்க அனுமதிக்கிறேன், ஒன்றுக்கு இவ்வளவு ரூபாய். பதிப்புரிமை என்னிடமே இருக்கும்.” கீழே அவருடைய டிஇசட்1 முகவரியும் இருக்கட்டும். அதே முகவரியிலிருந்து உங்களுக்கு ஒரு சிறு தொகை டெஸ் அனுப்பச் சொன்னால், அது அவருடைய கையில்தான் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.