தீர்ப்புக்குப் பிறகு என்ன நடக்கிறது? அரசும் நீதிமன்றமும் மோதும் இடங்கள்

மனித உரிமை வழக்குகளில் அரசும் நீதிமன்றமும் முட்டிக்கொள்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பிரிட்டனைப் பற்றியவை என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன். இந்தியாவும் நடுவில் வரும்.

கேள்வி: சார், பிரிட்டனில் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்யவே முடியாதாமே? அப்புறம் மனித உரிமைச் சட்டம் என்று ஒன்று எதற்கு?

பதில்: முடியாது என்பது சரிதான். 1998இல் நிறைவேறி 2000 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மனித உரிமைகள் சட்டம், நீதிபதிகளுக்கு இரண்டு வழிகளைத்தான் தருகிறது. சட்டத்தின் வாசகத்தை, பிரிட்டன் கையெழுத்திட்ட ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தில் உள்ள உரிமைகளோடு ஒத்துப்போகும்படி படிக்க இடமிருந்தால் அப்படிப் படிக்கலாம். இடமில்லையென்றால், 'இது உரிமைகளோடு முரண்படுகிறது' என்று அறிவிக்கலாம். அறிவித்தாலும் சட்டம் அப்படியே செல்லும். வழக்கில் ஜெயித்தவர் அன்றைக்கு வெறுங்கையோடுதான் போவார்.

பெல்மார்ஷ் சிறை வழக்கைப் பாருங்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, பயங்கரவாதச் சந்தேகத்துக்கு ஆளான வெளிநாட்டவரை விசாரணையே இல்லாமல் காலவரம்பின்றி அடைத்துவைக்க ஒரு சட்டம் வந்தது. 2004 டிசம்பர் 16 அன்று, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அது முரண்படுகிறது என்றார்கள். ஆபத்து சொந்தக் குடிமக்களிடமிருந்தும் வரலாம் என்று அரசே ஒப்புக்கொள்ளும்போது, வெளிநாட்டவரை மட்டும் அடைப்பானேன் என்பது அவர்கள் கேட்ட கேள்விகளில் முக்கியமானது.

அன்று மாலை சிறைக்கதவு திறந்துவிடவில்லை. 2005 மார்ச்சில் அரசு வேறொரு சட்டம் கொண்டுவந்தது: சிறைக்குப் பதிலாகக் கட்டுப்பாட்டு உத்தரவு. வீட்டைவிட்டு எப்போது வெளியே போகலாம், யாரைப் பார்க்கலாம் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். இந்த முறை அது குடிமக்களுக்கும் பொருந்தும். பாகுபாடு என்றீர்களே, இதோ எல்லோருக்கும் விரித்துவிட்டோம் என்கிற மாதிரி! எந்தத் தீர்ப்பைப் படித்தாலும் அடுத்த சில மாதங்களில் அரசு என்ன செய்தது என்று தேடிப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் ஒரு முடிவு எடுக்கிறார்கள். யாரும் தேர்ந்தெடுக்காத நீதிபதிகள் அதைத் தடுக்கிறார்கள். இதை எப்படி ஜனநாயகம் என்கிறீர்கள்?

பதில்: காரமான கேள்வி, ஆனால் நியாயமானது. பிரிட்டன் கைதிகளின் வாக்குரிமையில் உங்கள் பக்கம் வாதம் இருக்கிறது. தண்டனைக் கைதிகள் அத்தனை பேருக்கும் ஒட்டுமொத்தமாக வாக்கு மறுப்பது தவறு என்று 2005இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. எல்லோருக்கும் வாக்குக் கொடு என்று சொல்லவில்லை, கவனியுங்கள். 2011 பிப்ரவரியில் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவை 234க்கு 22 என்ற கணக்கில் தடை நீடிக்கட்டும் என்றது. இழுத்து இழுத்து 2017இல், தற்காலிக விடுப்பில் வெளியே இருப்பவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் வழி விட்டார்கள். 2018இல் அதுவே போதும் என்று கோப்பு மூடப்பட்டது. என்னைக் கேட்டால், நாடாளுமன்றம் விவாதித்து மறுத்ததில் தப்பில்லை. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருந்துகொண்டே பன்னிரண்டு ஆண்டுகள் தட்டிக்கழித்ததுதான் தப்பு.

அப்புறம், நீதிமன்றம் எப்போதும் அரசுக்கு எதிர்ப்பக்கம் என்பதும் உண்மையில்லை. 1988இல் பிரிட்டன் ஐந்து இலங்கைத் தமிழர்களைத் திருப்பி அனுப்பியது. அது உரிமை மீறல் அல்ல என்று 1991இல் அதே ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேள்வி: ருவாண்டா விஷயத்தில் அரசு தோற்றும் சட்டம் போட்டதே, அது எப்படி?

பதில்: பிரிட்டனில் புகலிடம் கேட்டு வருபவர்களை ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டம் 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ஜூன் 14 இரவு, விமானம் கிளம்பத் தயாராக நிற்கும்போது, ஸ்ட்ராஸ்பர்க்கின் இடைக்கால உத்தரவு குறுக்கே வந்தது. 2023 நவம்பர் 15 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் திட்டம் சட்டவிரோதம் என்றார்கள். அங்கே மனுக்களை ஒழுங்காக விசாரிக்காமல், தப்பி வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடும் அபாயம் உண்டு என்பது காரணம்.

அரசு என்ன செய்தது? ருவாண்டாவோடு புது ஒப்பந்தம் போட்டது. கூடவே, அது பாதுகாப்பான நாடு என்றே எல்லோரும் முடிவாகக் கொள்ள வேண்டும் என்று 2024 ஏப்ரலில் சட்டமும் இயற்றியது. நீதிபதிகள் சாட்சியங்களைப் பார்த்து முடிவு செய்த ஒரு விஷயத்தை வாக்கெடுப்பால் மாற்றுவது! சட்டத்தை மாற்ற நாடாளுமன்றத்துக்கு உரிமை உண்டு. நடந்த உண்மையை மாற்ற முடியுமா என்பதுதான் எனக்கு இடித்தது. கடைசியில் கட்டாயமாக ஒருவரைக்கூட அனுப்பவில்லை. ஜூலையில் ஆட்சி மாறியது, திட்டம் கைவிடப்பட்டது.

கேள்வி: நான் சட்டக்கல்லூரி மாணவி. இந்தியாவில் நீதிமன்றமே அரசிடம் பணிந்துபோனதற்கு உதாரணம் உண்டா ஐயா?

பதில்: உண்டம்மா. பாடத்திலும் வரும், ஏ.டி.எம். (கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட்) ஜபல்பூர் வழக்கு. நெருக்கடி நிலையின்போது விசாரணையின்றி அடைபட்டவர்கள் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்றன. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்ற கணக்கில், உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமைக்காக வழக்குத் தொடுப்பதை அரசு நிறுத்திவைத்திருக்கும்போது யாரும் நீதிமன்றத்துக்கு வர முடியாது என்றது.

விசாரணையில் நடந்ததை அவசியம் படித்துப் பார். ஒரு காவல் அதிகாரி சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட நிவாரணம் இல்லையா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்றார் அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. கன்னா மட்டும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். பணிமூப்புப்படி அடுத்த தலைமை நீதிபதி அவர்தான். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி எம்.எச். பெக் நியமிக்கப்பட்டார், கன்னா பதவி விலகினார்.

அரசியல் சட்டத்தின் 44ஆவது திருத்தம் வந்த பிறகு, நெருக்கடி நிலையிலும் 20ஆம் பிரிவையும் (குற்றத் தண்டனையில் பாதுகாப்பு) 21ஆம் பிரிவையும் (உயிர், சுதந்திரம்) நிறுத்திவைக்க முடியாது. ஜபல்பூர் தீர்ப்பு வெளிப்படையாகச் செல்லாததானது 2017இல், அந்தரங்க உரிமை வழக்கில். அப்படி எழுதியவர் டி.ஒய். சந்திரசூட், 1976இல் அந்த நால்வரில் ஒருவர் அவருடைய அப்பா ஒய்.வி. சந்திரசூட்.

கேள்வி: தீர்ப்பை மதிக்க மாட்டேன் என்று பெரிய ஆள் ஒருவர் அடம்பிடித்தால்?

பதில்: அவமதிப்பு வழக்குதான். தென்னாப்பிரிக்காவில் 2021இல், ஊழல் விசாரணை ஆணையத்தின் முன் ஆஜராகச் சொன்ன உத்தரவை மீறியதற்காக முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமாவுக்கு 15 மாதச் சிறை. போனார். இரண்டு மாதம் கழித்து மருத்துவக் காரணம் காட்டி பரோலில் வெளியே விட்டார்கள், அது வேறு கதை.

கேள்வி: ஐரோப்பிய யூனியனிலிருந்துதான் வெளியேறிவிட்டார்களே, ஸ்ட்ராஸ்பர்க் ஏன் இன்னும் பிரிட்டனைக் கேள்வி கேட்கிறது? அதிலிருந்தும் விலகிவிட்டால் தொல்லை தீராதா?

பதில்: அது ஐரோப்பிய யூனியனின் நீதிமன்றம் அல்ல, 46 நாடுகள் கொண்ட ஐரோப்பிய கவுன்சிலின் நீதிமன்றம். விலக வழி இருக்கிறது, ஆறு மாதம் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். ராணுவ ஆட்சியிலிருந்த கிரீஸ் 1969இல் விலகி, ஆட்சி விழுந்த பின் 1974இல் திரும்பி வந்தது. ரஷ்யா 2022இல் வெளியேற்றப்பட்டது. ஆனால் வெளியே போகும் தேதிக்கு முன் நடந்த மீறல்களுக்கு வழக்கு தொடரும். பிரிட்டனுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு: வட அயர்லாந்தில் அமைதி கொண்டுவந்த 1998 ஒப்பந்தத்தில், இந்த உரிமைகளை மீறினால் அங்குள்ளவர்கள் நேரடியாக நீதிமன்றம் போகலாம் என்று பிரிட்டன் வாக்குக் கொடுத்திருக்கிறது. விலகுவதென்றால் அயர்லாந்தின் தலைநகர் டப்ளினிலும் வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்டிலும் பேசிவிட்டுத்தான் விலக வேண்டும்.