ஏப்ரல் நடுவில் ஜப்பான்: ஆயிரம் வயது செர்ரி மரத்தைப் பார்க்க

கேள்வி: ஏப்ரல் இரண்டாவது வாரம் அம்மாவுடன் டோக்கியோ போகிறேன். அதற்குள் செர்ரிப் பூ முடிந்துவிடும் என்கிறார்கள். பழமையான மரம் ஒன்றையாவது அம்மாவுக்குக் காட்ட வழி உண்டா? அவருக்கு முழங்கால் வலி.

பதில்: டோக்கியோவைப் பற்றி அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் வடக்கே, ஃபுகுஷிமா மாநிலத்து மிஹாரு ஊரின் ‘தாகிசகுரா’ வழக்கமாக ஏப்ரல் நடுவில்தான் பூக்கும். ஆயிரம் ஆண்டு தாண்டியதாகச் சொல்லப்படும் மரம்; 1922-லேயே தேசிய இயற்கைச் சின்னமானது. உயரம் சுமார் 13 மீட்டர்தான், அடிமரச் சுற்றளவோ 11 மீட்டர். கிளைகள் கயிறு கயிறாகத் தொங்க, அவற்றில் சின்னஞ்சிறு இளஞ்சிவப்புப் பூக்கள். நிமிர்ந்து பார்க்கும்போதே பாரமான கிளைகளைத் தாங்கும் முட்டுக்கால்களையும் கவனியுங்கள். ஓர் ஊரே அந்த மரத்தைப் பேணிவருவது அதில் தெரியும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: போகும் நாளை இங்கிருந்தே முடிவு செய்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் உறங்கும் மொட்டு, அதன்பின் கிடைக்கும் வெப்பத்தைப் பொறுத்தே விரிகிறது. வெயில் முந்தினால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே பூத்துவிடும். இரண்டு மூன்று நாட்களைக் காலியாக வைத்துக்கொண்டு, பூப்பு நிலவரம் பார்த்துக் கிளம்புங்கள். லேசான மழைக்குப் பயப்பட வேண்டாம். பூவைக் கொட்டுவது பலத்த காற்றுதான்.

டோக்கியோவிலிருந்து கோரியாமா நகருக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ‘யாமாபிகோ’ ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டிகள் உண்டு என்பதால் பயண நாளை மாற்றினாலும் நஷ்டமில்லை. அங்கிருந்து உள்ளூர் ரயிலில் கால் மணி நேரத்தில் மிஹாரு. பூக்கும் பருவத்தில் நிலையத்திலிருந்து மரம் வரை சிறப்புப் பேருந்து ஓடும்.

ஃபுகுஷிமா என்றதும் அணு உலை நினைவு வரும். மிஹாரு அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி உள்ளது. 2011 அணு உலை விபத்தின்போது இந்த ஊர் காலிசெய்யப்படவில்லை. வீடிழந்து வந்தவர்களுக்கு இடம் கொடுத்த ஊர் இது.

மரம் ஒரு பள்ளச் சரிவில் நிற்கிறது, சுற்றுப்பாதையில் ஏற்றம் உண்டு. அம்மா கீழிருந்தே நன்றாகப் பார்க்கலாம். மேலே ஏறியே ஆக வேண்டும் என்பதில்லை. கூட்டம் சேருமுன் காலையிலேயே போங்கள், ஸ்வெட்டர் அவசியம். படத்துக்காக வேலியைத் தாண்டாதீர்கள். உணவு உறிஞ்சும் வேர்கள் மண்ணின் மேலடுக்கில்தான் இருக்கின்றன. மிதிபட்டு மண் இறுகினால் அவற்றுக்குக் காற்று போகாது. யாமானாஷி மாநிலத்திலுள்ள இன்னொரு முதிய செர்ரி மரமான ஜின்தாய்சகுரா நலிந்தபோது, சுற்றிலுமுள்ள மண்ணையே பல ஆண்டுகள் பாடுபட்டு மாற்ற வேண்டியிருந்தது.

பேருந்திலிருந்து இறங்கியதும் திரும்பும் நேரப் பலகையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பேருந்துக்கு முந்தியதைப் பிடித்தால் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.