குராசோ, பொனேர்: எந்தத் தீவுக்கு முதலில் போவது?

கேள்வி: நானும் மனைவியும் டொராண்டோவில் இருக்கிறோம், கனடா பாஸ்போர்ட். மார்ச்சில் ஒரு வாரம் லீவு, ஸ்கூபா டைவிங்குக்காகவே கரீபியன் தீவுகளுக்குப் போகிறோம். சனிக்கிழமை மதியம் குராசோவில் இறங்குகிறோம், அடுத்த சனிக்கிழமை மாலை 4 மணிக்கு அங்கிருந்தே திரும்பும் விமானம். முதல் மூன்று நாள் குராசோவில் டைவ். செவ்வாய் காலை இரண்டு டைவ் முடித்து மாலை சின்ன விமானத்தில் பொனேர், அங்கே வெள்ளி வரை. சனி காலை கடைசியாக ஒரு டைவ், மதியம் குராசோ, அப்படியே வீடு. இடையில் உள்ள விமானம் அரை மணி நேரம்கூட இல்லை, உயரமாகவும் பறக்காது என்கிறார்கள். இன்னும் பணம் கட்டவில்லை. சரியா?

பதில்: பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டீர்களே, பெரிய விஷயம். பாதிப் பேர் ரசீதோடுதான் வருகிறார்கள். உங்கள் திட்டத்தில் தீவுகள் சரி, நாட்கள் சரி, வரிசைதான் தலைகீழாக இருக்கிறது.

டைவ் அடிக்கும்போது அழுத்தத்தால் நைட்ரஜன் உடம்பில் கரைகிறது, மேலே வந்தபின் மெதுவாக வெளியேறுகிறது. அது முழுக்க வெளியேறுவதற்குள் விமானம் ஏறினால், விசில் அடங்கும் முன்னே குக்கரைத் திறந்த கதைதான். மூட்டு வலியில் தொடங்கி கை கால் செயலிழப்பது வரை போகலாம். அதனால்தான் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு (டைவ் அடிப்பவர்கள் சுருக்கமாக ‘டான்’ என்பார்கள்) ஒரு கணக்கு வைத்திருக்கிறது: ஒரே ஒரு டைவ் என்றால் பறப்பதற்கு முன் குறைந்தது 12 மணி நேரம், ஒரு நாளில் பல டைவ் அல்லது பல நாள் தொடர்ந்து டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம், டிகம்ப்ரஷன் நிறுத்தம் (நைட்ரஜன் வெளியேற, மேலே வரும் வழியில் நின்று நின்று வருவது) தேவைப்பட்ட டைவ் என்றால் அதைவிடக் கணிசமாகக் கூடுதல். கணக்குப் போடச் சோம்பல்படுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

“சின்ன விமானம், உயரமாகப் பறக்காது” என்பது நம் ஆட்கள் அடிக்கடி சொல்லும் சமாதானம். அந்தக் கணக்கு 2,000 அடி உயரத்திலிருந்தே தொடங்குகிறது. பெரிய ஜெட்டில் கேபினுக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள், தீவுகளுக்கு இடையே ஓடும் பத்துப் பதினைந்து இருக்கைப் புரொப்பெல்லர் விமானங்கள் பலவற்றில் அது கிடையாது, விமானம் ஏறும் உயரம்தான் உங்கள் உடம்பு ஏறும் உயரம். அன்றைக்கு விமானி எந்த உயரத்தில் போவார் என்பதை நீங்கள் தீர்மானிக்கப் போவதும் இல்லை. படகில் போய்விடலாமே என்றால், இந்த இரண்டு தீவுக்கும் இடையே வழக்கமான பயணிகள் படகு இல்லை. ஆக, செவ்வாய் காலை டைவ், மாலை விமானம் என்பது கூடாது. சனி காலை டைவ், மதியம் விமானம் என்பது அதைவிட மோசம், ஏனென்றால் வாரம் முழுக்கச் சேர்த்த நைட்ரஜனோடு இரண்டு விமானம் ஏறுகிறீர்கள்.

இப்போது வரிசையைத் திருப்பிப் பாருங்கள். சனி இரவு குராசோவில் தூக்கம், ஞாயிறு காலை முதல் விமானத்தில் பொனேர். இன்னும் ஒரு டைவ்கூட அடிக்காததால் காத்திருப்பு எதுவும் இல்லை, அதாவது இந்தத் தாவலுக்கு உங்கள் டைவ் நேரத்தில் ஒரு மணி நேரம்கூடச் செலவில்லை. ஞாயிறு மதியம் ஒன்று, திங்கள், செவ்வாய், புதன் மூன்று மூன்று. புதன் மாலை 5 மணிக்குள் கரை ஏறிவிட்டால் வியாழன் மதியம் 12 மணி விமானத்துக்கு 19 மணி நேர இடைவெளி கிடைக்கும். என்னைப் போல 24 பார்ப்பவர் என்றால் வியாழன் மாலை விமானமாகப் போடுங்கள், ஒரு டைவ்தான் குறையும். வியாழன் மாலை குராசோவில் ஒன்று, வெள்ளி மூன்று, சனி காலை வில்லெம்ஸ்டாட் ஊருக்குள் வண்ண வண்ண வீடுகளைப் பார்த்தபடி நடை, 4 மணிக்கு விமானம். மொத்தம் 14 டைவ், எந்த விமானத்துக்கு முன்னாலும் 18 மணி நேரத்துக்குக் குறையவில்லை.

சனிக்கிழமை இறங்கியதும் ஓட்டல் வாசலிலேயே கடல் இருக்கும், கை அரிக்கும். ஸ்நார்க்கெலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டேங்கை மாட்டினால் ஞாயிறு காலை விமானம் போச்சு.

காசு விஷயத்திலும் இந்த வரிசைதான் நல்லது. தீவு விமானமும் டொராண்டோ விமானமும் தனித்தனி டிக்கெட்டாகத்தான் வாங்கப் போகிறீர்கள். சனி மதியம் சின்ன விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் பெரிய விமானம் உங்களுக்காக நிற்காது, யாரும் பணமும் தரமாட்டார்கள். வியாழனே குராசோவுக்குத் திரும்பிவிட்டால் எந்தத் தாமதமும் உங்களைத் தொடாது. ஒரு முறை நான் இதே தப்பைச் செய்து, கடைசி நேரத்தில் புது டிக்கெட் வாங்கியதில் முழுப் பயணத்தின் டைவ் செலவும் ஒரே அட்டை இழுப்பில் போயிற்று.

கேள்வி: பொனேரில் ஒரு ரெசார்ட், ‘அறை, பிக்கப் வண்டி, ஆறு நாள் அளவில்லாக் காற்று’ (எத்தனை டேங்க் வேண்டுமானாலும் எடுக்கலாம்) என்று ஒரு பேக்கேஜ் தருகிறது. தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாகத் தெரிகிறது. நான்கு நாள்தான் இருப்போம் என்றாலும் எடுக்கலாமா?

பதில்: ஆறு நாள் பேக்கேஜை நான்கு நாளுக்கு வாங்கினால் இரண்டு நாள் காற்றைக் காற்றில் விட வேண்டியதுதான், மீதிக்குப் பணம் திரும்ப வராது. “மூன்றரை நாளுக்கு விலை என்ன” என்று எழுதிக் கேளுங்கள், பல இடங்களில் சொல்வார்கள்.

ஆனால் பேக்கேஜின் வடிவம் நியாயமானதுதான், ஏனென்றால் பொனேர் மற்றத் தீவுகளைப் போல இல்லை. இங்கே படகுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. டைவ் கடையில் போய் டேங்குகளை வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு கடலோரச் சாலையில் போனால், ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் இருக்கும், அதில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். அங்கே வண்டியை நிறுத்தி, மாட்டிக்கொண்டு, இறங்கிவிட வேண்டியதுதான். ‘ஆயிரம் படி’ என்று ஓர் இடம், எண்ணினால் எழுபதுகூடத் தேறாது, ஆனால் டைவ் முடித்து ஈர உடம்போடு டேங்கைச் சுமந்து மேலே ஏறும்போது பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை என்று தெரியும்.

பேக்கேஜ் விலையில் பெரும்பாலும் சேராதவை இரண்டு. 2022 ஜூலையிலிருந்து வெளியூர்க்காரருக்கு நுழைவு வரி 75 டாலர். கடல் பூங்காவுக்கான இயற்கைக் கட்டணம் 40 டாலர், இது அந்தக் காலண்டர் வருடம் முழுக்கச் செல்லும். ஆளுக்கு 115, இரண்டு பேருக்கு 230. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு, எனக்கு வருத்தமில்லை. அங்கே கடல் பூங்கா 1979-லிருந்து இருக்கிறது, பவளம் இன்னும் பார்க்கும்படி இருப்பதற்கு அதற்கும் பங்கு உண்டு. கையுறை போடக் கூடாது, வந்த முதல் நாள் கடை வாசலிலேயே ஒரு சோதனை டைவ் கட்டாயம். நம்மைச் சந்தேகப்படுகிறார்களே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். மாஸ்க்கும், மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈய எடையும் சரியாக இருக்கிறதா என்று நாமே பார்த்துக்கொள்ளவும் அதுதான் நேரம். பவளத் திசுவை அழிக்கும் நோய் ஒன்று 2023-ல் அங்கே வந்துவிட்டது, அதனால் சாமான்களைக் கிருமிநாசினி நீரில் அலசச் சொல்வார்கள். இன்னொரு தீவுக்கு எடுத்துப் போகிறீர்கள் என்பதால் அதைச் சரியாகவே செய்யுங்கள்.

வண்டி விஷயம் முக்கியம். பல பிக்கப்கள் கியர் வண்டி, டொராண்டோவில் ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகியவர் என்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். டைவ் இடத்தில் வண்டியைப் பூட்டாமல், கண்ணாடியை இறக்கி விட்டுவிட்டுப் போ என்பார்கள். முதலில் கேட்டபோது நான் சிரித்தேன். காரணம் எளிது: பூட்டியிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று கண்ணாடியை உடைப்பார்கள், அந்தக் கண்ணாடிக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும். போன், பாஸ்போர்ட், பர்ஸ் எதுவும் வண்டியில் வேண்டாம், கையில் ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும் போதும். வண்டிக் காப்பீட்டில் கண்ணாடியும் டயரும் சேருமா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். அப்படியே நான்கு பக்கமும் வண்டியைப் படம் எடுத்து வையுங்கள், கீழேயும்கூட, ஏனென்றால் தெற்கே சாலையோரம் முழுக்கப் பவளக் கல்தான்.

கேள்வி: என்னிடம் சொந்தச் சாமான்கள் எல்லாம் இருக்கின்றன. தீவு விமானத்தில் எடை தகராறு வருமா?

பதில்: வரும். பிசிடி (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டை), ரெகுலேட்டர் (டேங்கிலிருந்து மூச்சு விட உதவும் கருவி), துடுப்பு, வெட்சூட், விளக்கு எல்லாம் சேர்ந்தால் பத்து கிலோவைத் தாண்டும், துணிமணி தனி. சின்ன விமானத்தின் இலவச அளவு பெரிய விமானத்தின் அளவைவிடக் குறைவாக இருப்பது வழக்கம். டிக்கெட் வாங்கும்போதே கூடுதல் பையைச் சேர்த்துவிடுங்கள், கவுன்டரில் விலையும் கூடும், இடம் இல்லாவிட்டால் பை அடுத்த விமானத்தில்தான் வரும். ஒரு முறை என் பையைத் தராசில் வைத்தார்கள், அப்புறம் என்னையும் ஏறச் சொன்னார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, அந்த அளவு விமானத்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதுகூட எடையைப் பார்த்துத்தான்.

அதோடு காயாத வெட்சூட். முதல் நாள் மாலை கழற்றியதை அப்படியே சுருட்டி வைத்தால் காலையில் அது ஓர் ஈரக் கம்பளி. இடுப்புப் பக்கம் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், முழங்காலைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். உள்ளே வெளியே திருப்பி, காலைக் கீழே தொங்கவிட்டு, விசிறிக்கு எதிரே இரவு முழுக்க விடுங்கள். பறப்பதற்கு முன் காத்திருக்கும் அந்தப் பதினெட்டு மணி நேரம் இதற்குத்தான் உதவும். ரெகுலேட்டரும் டைவ் கம்ப்யூட்டரும் மாஸ்க்கும் கைப்பையில் போகட்டும், ஈயம் எங்குமே எடுத்துப் போக வேண்டாம், கடையில் தருவார்கள்.

இன்னொரு சின்ன விஷயம், பணம். பொனேரில் 2011-லிருந்து அமெரிக்க டாலர்தான். குராசோவில் 2025 மார்ச் 31-லிருந்து கரீபியன் கில்டர், ஒரு டாலருக்கு 1.79. டாலரும் வாங்குவார்கள், மீதியைக் கில்டரில் கொடுப்பார்கள். பழைய ஆன்டிலியன் கில்டர் நோட்டு கையில் வந்தால் வாங்காதீர்கள், கடைகளில் இப்போது செல்லாது. குராசோவுக்குப் போகும் முன் ஆன்லைனில் நிரப்பும் குடிவரவு அட்டை அரசுத் தளத்தில் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

கேள்வி: அப்படியே அருபாவையும் சேர்த்தால்?

பதில்: வேண்டாம். ஒரு வாரத்தில் மூன்று தீவு என்றால் விமான நிலையங்களைத்தான் பார்ப்பீர்கள். 1940-ல் மூழ்கடிக்கப்பட்ட ஜெர்மன் கப்பல் ஆன்டிலா அங்கே கிடக்கிறது, பார்க்க வேண்டியதுதான், ஆனால் அதற்கு வேறொரு பயணம் போடுங்கள். கப்பல்தான் ஆசை என்றால் பொனேரில் ஹில்மா ஹூக்கர் இருக்கிறது, கஞ்சாவோடு பிடிபட்டு 1984-ல் மூழ்கியது. அடிப்பகுதி ஏறத்தாழ 30 மீட்டரில். உங்கள் டைவிங் சான்றிதழ் கார்டு முதல் நிலையான ஓப்பன் வாட்டர் மட்டும் என்றால் 18 மீட்டர்தான் அளவு, அடுத்த நிலையான அட்வான்ஸ்டு வகுப்பை ஊரிலேயே முடித்துவிட்டுப் போங்கள், லீவு நாளைப் பாடத்தில் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, நான் செயின்ட் மார்ட்டினில் மருத்துவம் படிக்கிறேன். பக்கத்துச் சேபா தீவுக்கு மூன்று நாள் போகலாம் என்று இருக்கிறோம். வெள்ளிக்கிழமை படகில் போய், சனி முழுக்கவும் ஞாயிறு காலையும் டைவ், மதியம் சீனரி மலை ஏறி, மாலை விமானத்தில் திரும்புவது. விமானம் கால் மணி நேரம்தான், அந்தக் குட்டி ஓடுபாதையில் ஒரு முறை ஏறிப் பார்க்க ஆசை.

பதில்: தம்பி, ஆசை நியாயம்தான். ஓடுபாதை 400 மீட்டர், இரண்டு முனையிலும் பாறை இறங்கிக் கடல். ஆனால் அந்த அனுபவத்தைப் போகும்போது வாங்குங்கள், திரும்பும்போது படகு. செயின்ட் மார்ட்டின், சேபா, ஸ்டேஷியா மூன்றையும் இணைத்து ஒரு பயணிகள் படகு ஓடுகிறது, ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும், கடல் மட்டத்திலேயே போவதால் டைவ் முடித்த அன்றே ஏறலாம். தினமும் எல்லா நேரமும் இருக்காது, ஞாயிறு மாலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள்.

மலைதான் நீங்கள் கவனிக்காத இடம். சீனரி மலை 887 மீட்டர், 2,900 அடிக்கு மேல். உடம்புக்கு விமானமும் ஒன்றுதான், மலையும் ஒன்றுதான், 2,000 அடி தாண்டினால் அதே காத்திருப்புக் கணக்கு. அதனால் வெள்ளி காலை போய்ச் சேர்ந்து, அன்றே மலை, பிறகு கடல். கடை வைத்திருப்பவர்களும் இதைத்தான் சொல்வார்கள், கேட்டால்.

டைவ் கடையிடம் கேட்க வேண்டியது இரண்டு. சேபா கடல் பூங்கா 1987-ல் தீவைச் சுற்றி முழுக்க அமைக்கப்பட்டது, உள்ளூர்க் கடையின் படகில்தான் போக முடியும், எனவே அவர்கள் சொல்லும் விலையில் பூங்காக் கட்டணமும் சாமான் வாடகையும் சேருமா என்பது முதல் கேள்வி. இரண்டாவது, எந்த இடங்களுக்குக் கூட்டிப் போவார்கள். எல்லோரும் பேசும் கடலடிக் குன்றுகளின் உச்சியே 25, 30 மீட்டர் ஆழத்தில்தான் தொடங்கும். உங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு அட்வான்ஸ்டு கார்டு இல்லை என்றால் அவர் படகிலேயே உட்கார வேண்டியிருக்கும், அவருக்கும் சேர்த்து முழுக் காசு கட்டாதீர்கள். ஆழம் குறைந்த டென்ட் ரீஃப் போன்ற இடத்துக்கு வேறு படகு உண்டா என்று கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை ஆயிரத்துச் சொச்சம் படி ஏறிய கால் சனிக்கிழமை துடுப்பு அடிக்கும்போது முனகும். அதற்கு என்ன மருந்து என்று என்னைக் கேட்காதீர்கள், மருத்துவம் படிக்கிறவர் நீங்கள்தான்.